சிறுநீரக மேற்சுரப்பியின் பிறப்பு: மன்னார்க் கடலோரத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மன்னார்த் தீவின் வடகரையிலுள்ள பேசாலையிலும், தீவின் மேற்கு முனையான தலைமன்னாரிலும், பெருநிலக் கரையிலுள்ள வங்காலையிலும் சிலாவத்துறையிலும் சுறாவும் திருக்கையும் அறுப்பது நெடுங்காலத் தொழில். தசை கறிக்கும் கருவாட்டுக்கும் போகும், ஈரல் எண்ணெயாகும், செட்டை கடல் கடந்து விலைபோகும். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கும் என்று பாற்சுறாவை வறையாக்கிக் கொடுப்பதும் வடபுலத்து வழக்கம். வயிற்றறையின் பின்சுவரை ஒட்டிக் கிடக்கும் சிறுநீரகங்கள் மட்டும் எவருக்கும் வேண்டியனவல்ல. அவை குடலோடு சேர்ந்து மணலிற் போகும். அவ்வாறு போகும் சிறுநீரகங்களின் பிற்பகுதிகளுக்கு இடையே மஞ்சள் நிறமான சிறு கோல் ஒன்று கிடப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். அதற்கு முன்னாகப் பெருநாடியின் இருமருங்கிலும், கோத்த மணிகள் போலச் சிறுசிறு உடல்கள் வரிசையாக அமைந்திருப்பதையும் காணலாம்.

மனித உடலில் இவ்விரண்டும் ஒன்றாகி, ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலைமேலும் தொப்பி போல அமர்ந்திருக்கின்றன. அதிரீனற் சுரப்பி என்றும், சிறுநீரக மேற்சுரப்பி என்றும், தமிழகத்தில் அண்ணீரகச் சுரப்பி என்றும் நாம் வழங்குவது அதனையே. கருப்பையினுள் இச்சுரப்பி எவ்வாறு உருவாகின்றது என்பதை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவபீட மாணவர்க்கு இதன் ஒரு பகுதி பாடநூலிற் கிடைக்கும். ஆயினும் அந்த அறிவு சுறாவின் வழியாக வந்ததென்பதும், அதனைத் தேடியவர்களுள் ஒருவர் மன்னாரின் முத்து வாணிகத்தோடு எதிர்பாராத வகையில் தொடர்புற்றார் என்பதும் பாடநூல்களில் இடம்பெறுவதில்லை.

இச்சுரப்பியை முதன்முதல் தெளிவாக விவரித்தவர் இத்தாலிய உடற்கூற்றறிஞரான பார்த்தொலொமேயோ யூசுத்தாக்கி. 1563-64 ஆம் ஆண்டுகளில் வெனிசு நகரில் வெளிவந்த அவரது நூலில் சிறுநீரகங்களின் மேற்கிடக்கும் சுரப்பிகள் என இவை குறிக்கப்பட்டன. அவர் வரைவித்த படங்களோ 1714 ஆம் ஆண்டுவரை அச்சேறவில்லை. பெயர் கிடைத்ததேயன்றிப் பயன் விளங்கவில்லை. 1611 இல் கசுப்பர் பார்த்தொலின் இவற்றைக் கரும்பித்தம் தங்கும் உட்குழிவான பைகள் என்றார். உண்மையில் அவை குழிவானவையல்ல. இறந்த உடலிற் சுரப்பியின் நடுப்பகுதி விரைவிற் சிதைந்து கரைந்துவிடும். பிணத்தை அறுத்தவர்கள் அந்தச் சிதைவையே இயற்கையமைப்பு என எண்ணிவிட்டார்கள். ஒரு பிழையான நோக்கு இருநூறாண்டுக் காலம் ஆட்சி செய்ததற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

1716 இல் பிரான்சின் போர்தோ நகர அறிஞர் கழகம், சிறுநீரக மேற்சுரப்பிகளின் பயன் யாது என்ற பொருளிற் கட்டுரைப் போட்டி ஒன்றை அறிவித்தது. வந்த கட்டுரைகளைச் சீர்தூக்கி 1718 இல் அறிக்கை வழங்கும் பொறுப்பு, பிற்காலத்தில் அரசியற் சிந்தனையாளராகப் புகழ்பெற்ற மொந்தெசுக்கியூவிடம் இருந்தது. எக்கட்டுரையும் பரிசுக்குரியதன்று என அவர் தீர்த்தார். இத்தனை முயற்சியாலும் கிட்டாத விடை ஒருநாள் தற்செயலாகக் கிட்டக்கூடும் எனவும் அவர் கருத்துத் தெரிவித்தார். அவருடைய நேர்மை பாராட்டத்தக்கது. அறியாததை அறியாதது என்று கூறும் துணிவு அக்காலப் பரிசுக் குழுக்களில் அருகியே இருந்திருக்கும், இக்காலத்திலும் அப்படித்தான்.

விடை கிட்டத் தொடங்கியது நோயாளிகளிடமிருந்தாகும். 1855 இல் இலண்டன் கைசு மருத்துவமனையைச் சேர்ந்த தோமசு அடிசன், உடல் தளர்ந்து, தோல் கறுத்து, மெலிந்து மடிந்த நோயாளர் சிலரின் உடல்களை ஆராய்ந்து, அவர்களிடம் இச்சுரப்பிகள் பழுதுற்றிருந்தமையை எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டே பிரான்சில் பிரௌன் செக்கார் விலங்குகளில் இரு சுரப்பிகளையும் அகற்றினார், அவை இறந்தன. உயிருக்கு இன்றியமையாத உறுப்பு என்பது உறுதியாயிற்று. ஆயின் எதனால்? அதே 1856 இல் வுல்பியான் என்பார் சுரப்பியின் நடுப்பகுதியில் இரும்புக் குளோரைட்டுக் கரைசலை இட்டபோது அது பச்சையாக மாறிற்று, வெளிப்பகுதி மாறவில்லை. ஒரே சுரப்பியில் இருவகை இயல்பு. வெளியே மேற்பட்டை, உள்ளே மையவிழையம் என்ற பிரிவு நுணுக்குக்காட்டி வழியாக ஏற்கனவே அறியப்பட்டிருந்தது. அவை ஒரே உறுப்பின் இரு பாகங்களா, ஒரே உறைக்குள் அடங்கிய இரு வேறு உறுப்புக்களா என்பது வினாவாக எழுந்தது.

இந்த வினாவுக்கு வளர்ந்த மனித உடலில் விடையில்லை. கட்டி முடிந்த வீட்டைப் பார்த்து, அதன் கற்கள் எந்தக் கற்குழியிலிருந்து வந்தன என்று சொல்ல முடியாது. வீடு எழும்போதே பார்க்க வேண்டும். முளையத்தைப் பார்க்க வேண்டும். மனித முளையமோ எளிதிற் கிடைப்பதன்று. கிடைப்பினும் தொடர்ச்சியான பருவங்களிற் கிடைப்பதில்லை. ஆகவே, இரு பகுதிகளும் வாழ்நாள் முழுவதும் பிரிந்தே நிற்கும் விலங்கு ஒன்றிற் பார்ப்பது எளிய வழியாயிற்று. அந்த விலங்கு சுறா.

கேம்பிரிட்சைச் சேர்ந்த பிரான்சிசு மெயித்துலண்டு பல்பர், 1874 இல் இத்தாலியின் நேப்பிள்சு நகரில் அன்றன் டோர்ண் நிறுவியிருந்த கடல் விலங்கியல் நிலையத்துக்குச் சென்று, சுறா, திருக்கை முதலிய கசியிழைய மீன்களின் முளையங்களை ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சி 1878 இல் நூலாக வெளிவந்தது. பெருநாடியை அடுத்துக் கிடக்கும் மணிவரிசை பரிவு நரம்புத்தொகுதியின் திரட்டுக்களோடு ஒருங்கே தோன்றுவதையும், சிறுநீரகங்களுக்கு இடையேயுள்ள மஞ்சட் கோல் இடைமுதலுருப் படையிலிருந்து தனியே தோன்றுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஒன்று நரம்பின் உறவு. மற்றது சிறுநீரகமும் சனனிகளும் பிறக்கும் அதே நிலத்தின் பயிர். முலையூட்டிகளில் இவ்விரண்டும் சேர்ந்தே ஒரு சுரப்பியாகின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். நான்கு ஆண்டுகளின் பின், 1882 இல், மொன் பிளாங் மலைத்தொடரில் ஏறும்போது விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது.

பல்பரின் முடிவு சுறாவைக் கொண்டு முலையூட்டியைப் பற்றிக் கூறிய ஊகம். அதனை முலையூட்டியிலேயே காட்டியவர் அவருடைய ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஒரு யப்பானியர். மித்சுகுரி ககிச்சி என்னும் அவர் அமெரிக்காவிற் பயின்றபின் கேம்பிரிட்சுக்கு வந்தவர். முயல், எலி ஆகியவற்றின் முளையங்களை மெல்லிய சீவல்களாக்கி நோக்கி, 1882 இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் வியப்பளிப்பது. மேற்பட்டை இடைமுதலுருப் படையிலிருந்து பிறக்கின்றது. மையவிழையம் பரிவு நரம்புத்தொகுதியிலிருந்து வருகின்றது. அது முதலில் மேற்பட்டைக்கு வெளியே நிற்கின்றது. வளர்ச்சியின் போக்கிற் படிப்படியாக உள்ளே புகுந்து நடுவிடத்தை அடைகின்றது. நாற்பதாண்டுகட்கும் மேலாக நடந்த விவாதம் பலவற்றுக்கு இக்கூற்றே பின்னர் முடிவாக அமைந்தது.

இனி மன்னாருக்கு மீள்வோம். மித்சுகுரி தாயகம் திரும்பித் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியரானார். 1886 இல் மிசாக்கியில் கடலாய்வு நிலையம் ஒன்று அவர் முயற்சியால் எழுந்தது. 1890 இல் மிக்கிமோத்தோ கோக்கிச்சி என்னும் வணிகர் அவரை நாடி வந்தார். முத்துச்சிப்பியினுள் அயற்பொருளை இட்டு முத்தை விளைவிக்க இயலும் என்ற அறிவுரை பேராசிரியரிடமிருந்து வணிகருக்குக் கிட்டியது. 1893 இல் மிக்கிமோத்தோ அரைக்கோள முத்துக்களைப் பெற்றார். பின்னர் முழுவட்ட முத்துக்கள் வந்தன. 1920களில் அவை உலகச் சந்தையை நிரப்பத் தொடங்கின. சங்ககாலந்தொட்டுப் புகழ்பெற்ற மன்னார்க் குடாவின் முத்து வாணிகம் எழமுடியாதபடி வீழ்ந்தமைக்கு இதுவும் காரணம். பார்களிற் சிப்பி அற்றுப்போனமை மற்றொரு காரணம். அதனை மறைத்து யப்பானை மட்டும் பழிப்பது வரலாறாகாது. எனினும், நம் உடலில் ஒரு சுரப்பி பிறக்கும் வழியைக் காட்டிய அதே கை நம் கரையின் செல்வம் வற்றவும் வழிகாட்டிற்று என்பதை எண்ணாமலிருக்க முடியவில்லை.

மன்னார்க் கடலில் அறிவியலாய்வு நடைபெறவில்லை என்று எவரும் கூறமுடியாது. 1891 க்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேலாக முத்துக்குளிப்பு நிகழாதுபோகவே, குடியேற்ற அரசாங்கம் லிவர்ப்பூற் பேராசிரியர் ஏர்ட்மனை அழைத்தது. 1902 இல் அவரும் உதவியாளர் ஓர்ணெலும் பார்களை ஆராய்ந்தனர். அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. முத்துக்குக் கருவாக அமைவது நாடாப்புழு ஒன்றின் குடம்பி என்பது அவர்களின் கொள்கை. சிப்பியை உண்ணும் திருக்கையின் குடலிலேயே அப்புழு முதிர்கின்றது என்றும் அவர்கள் கருதினர். எனவே திருக்கைகளின் வயிறுகள் பல இக்கரையிற் கிழித்துப் பார்க்கப்பட்டன. 1912 இல் யேம்சன் என்பார் அக்கொள்கையைக் கடுமையாக மறுத்தார். பின்னர் அது நிலைபெறவில்லை. நாடாப்புழுவுக்காகத் திறக்கப்பட்ட அந்த வயிறுகளிற் குடலுக்குச் சற்றுப் பின்னே பல்பரின் மஞ்சட் கோலும் கிடந்தது. ஆனால் அரசாங்கம் பணம் கொடுத்தது முத்துக்காக. 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே பார்கள் தனியார் குழும்பொன்றுக்குக் குத்தகையாயின. 1907 க்குப் பின் அவை வெறுமையாயின. வருவாயைத் தேடிய ஆய்வு வருவாய் நின்றதும் நின்றுபோயிற்று. நேப்பிள்சு நிலையம் அவ்வாறு எந்த ஒரு மீனின் விலையையும் நம்பி நிற்கவில்லை. வேறுபாடு இதுவே.

இங்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். முத்துக்குளிப்புக் காலத்திற் சுறாக்களின் வாயைக் கட்டுவதற்கென்று கடல்கட்டி எனப்படும் மந்திரகாரர் இருந்தனர். அவர் கரையில் நின்று மந்திரம் ஓதினாலன்றிச் சுழியோடிகள் நீரில் இறங்கமாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கில அரசாங்கமும் அவருக்கு ஊதியம் கொடுத்தது. மந்திரத்தை நம்பியன்று, சுழியோடிகளின் அச்சத்தைத் தீர்ப்பதற்காக. அச்சம் கொண்ட உடலில் இதயத்தை விரையச் செய்து குருதியமுக்கத்தை உயர்த்தும் அதிரீனலின் என்னும் ஓமோன், இச்சுரப்பியின் மையவிழையத்திலிருந்து வருவது. 1894 இல் இலண்டனில் ஒலிவரும் சாவரும் சுரப்பிச் சாற்றின் அவ்வாற்றலைக் கண்டனர். 1901 இல் தக்கமினே யோக்கிச்சி அப்பொருளைப் பளிங்காகப் பிரித்தமையை வெளியிட்டார். அவரும் யப்பானியரே.

மேற்பட்டையின் இன்றியமையாமையைத் தெளிவாக்கியதும் கசியிழைய மீனே. முலையூட்டியின் சுரப்பியை அகற்றினால் இரு பகுதிகளும் ஒருங்கே போய்விடும். எது போனதால் உயிர் போயிற்று என்று சொல்லமுடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆத்தூர் பீடில் என்பார் மணிவரிசையைத் தொடாமல் மஞ்சட் கோலை மட்டும் நீக்கினார். மீன்கள் சில நாட்களிற் சோர்ந்து இறந்தன. உயிரைக் காப்பது மேற்பட்டை என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

மனித முளையத்தில் நிகழ்வதை இப்போது நோக்குவோம். கருக்கட்டலின் பின் நான்காம், ஐந்தாம் வாரங்களில், முளையத்தின் உடற்குழியை உட்புறமாகப் போர்த்திருக்கும் மெல்லிய படை ஓரிடத்தில் தடிக்கின்றது. குடலைத் தாங்கும் மென்றகட்டின் வேருக்கும், சனனி தோன்றவிருக்கும் மேட்டுக்கும் இடைப்பட்ட இடம் அது. அங்குள்ள கலங்கள் பெருகி உள்நோக்கி இறங்கித் திரளாகின்றன. முதலில் சனனிக்கும் மேற்பட்டைக்கும் பொதுவான ஒரே மூலம் உண்டு. விரைவில் அது இரண்டாகப் பிரிகின்றது. பிரியும்போது சிறு துணுக்குகள் சனனியோடு ஒட்டிக்கொண்டு போதலும் உண்டு. விதைப்பையில் அல்லது சூலகத்தின் அருகே மேற்பட்டை இழையம் சில வேளைகளிற் காணப்படுவதன் காரணம் இதுவே. முளைய வரலாற்றை அறியாத அறுவை மருத்துவருக்கு அது பெரும்புதிராக இருந்திருக்கும்.

இதே காலத்தில் முதுகுப்புறத்தில் வேறொரு பயணம் தொடங்குகின்றது. நரம்புக்குழாய் மூடும்போது அதன் விளிம்பிலிருந்து பிரிந்த நரம்பு முகட்டுக் கலங்கள் உடலெங்கும் பரந்து செல்கின்றன. அவற்றுட் சில பெருநாடியின் அருகே வந்து பரிவு நரம்புத் திரட்டுக்களாகின்றன. சில மேலும் நடந்து, ஏழாம், எட்டாம் வாரங்களில், மேற்பட்டைத் திரளை அதன் உட்பக்கத்தாற் குடைந்து புகுகின்றன. பெருங்கூட்டமாக அன்று, சிறு சிறு குழுக்களாக. அவை நடுவிற் கூடி முழுமையான மையவிழையமாக அமைவதற்குப் பிறப்பின் பின்னரும் காலம் செல்லும். இப்பயணத்தைக் கண்ணாற் காணும்படி செய்தவர் பிரான்சின் நிக்கோல் லெ துவாரின் அம்மையார். காடையின் கலக்கருவை நுணுக்குக்காட்டியிற் கோழியினதிலிருந்து பிரித்தறியலாம் என்பதை 1969 இல் அவர் பயன்படுத்தத் தொடங்கினார். காடை முளையத்தின் நரம்பு முகட்டைக் கோழி முளையத்தில் நட்டு, அக்கலங்கள் சென்ற வழியைப் பின்தொடர்ந்து, மையவிழையத்தின் மூலம் அதுவே என நிறுவினார்.

மேற்பட்டையின் கதை இதனோடு முடிவதில்லை. எட்டாம் வாரமளவில் அதனுள் இரு வலயங்கள் தோன்றுகின்றன. வெளியே நெருங்கிய சிறு கலங்களாலான மெல்லிய நிலையான வலயம். உள்ளே பெருங்கலங்களாலான பருத்த முளைய வலயம். நடு மாதங்களிற் சுரப்பியின் பருமனில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பங்கு இந்த உள்வலயத்தினதே. அதனால் மூன்றாம் மாத முடிவளவிற் சுரப்பி சிறுநீரகத்தோடு ஒப்பிடத்தக்க அளவினதாக இருக்கின்றது. பிறக்கும்போது சிறுநீரகத்தின் மூன்றிலொரு பங்கு. வளர்ந்தவரில் முப்பதிலொரு பங்கு. குழந்தை பிறந்த சில வாரங்களுள் உள்வலயம் சுருங்கி, சுரப்பி தன் நிறையில் ஏறத்தாழப் பாதியை இழக்கின்றது. பிறந்தபின் இவ்வளவு விரைவாகத் தேயும் உறுப்பு உடலில் வேறொன்றில்லை எனலாம். 1911 இல் எலியட்டும் ஆமரும் இதனை விரிவாக ஆராய்ந்தனர். மூளை உருவாகாது பிறந்த சிசுக்களில் இவ்வலயம் சிறுத்திருப்பதையும் அவர்கள் நோக்கினர். மூளையடியிலுள்ள கபச்சுரப்பியின் ஏவலால் அது வளர்கின்றது என்பது பிற்காலத்தில் விளங்கிற்று.

தேய்ந்து மறையவிருக்கும் இழையத்துக்கு இத்தனை பெரிய உடல் எதற்கு? விடை தாயின் பக்கத்திலிருந்து வந்தது. உள்வலயம் சுரக்கும் ஒருவகை ஓமோனை மூலப்பொருளாகக் கொண்டே சூல்வித்தகம் ஈசுத்திரசனை ஆக்குகின்றது. அதனைத் தொடக்கத்திலிருந்து தானே ஆக்கும் நொதியம் சூல்வித்தகத்திடம் இல்லை. சூல்வித்தகம் செய்யும் இறுதி மாற்றத்தைச் சிசு தனியே செய்யமுடியாது. ஆகவே கருப்பையிலுள்ள சிசுவும் சூல்வித்தகமும் சேர்ந்தே ஒரு தொழிற்சாலையாக இயங்குகின்றன. சிசுவின் நுரையீரல் மூச்சுக்கு ஆயத்தமாவதும் மேற்பட்டையின் மற்றோர் ஓமோனான கோட்டிசோலின் ஏவலாலேயே. நியூசிலாந்தின் லிக்கின்சு செம்மறியாடுகளிற் கண்டதிலிருந்து தொடங்கி, ஓவியுடன் சேர்ந்து 1972 இல் வெளியிட்ட ஆய்வின் பயனாக, குறைமாதப் பேறு நேரும் என அஞ்சப்படும் தாய்க்கு அவ்வகை மருந்தை ஊசியாக ஏற்றுவது இன்று உலகெங்கும் வழக்கமாகியுள்ளது. மகப்பேற்று விடுதியில் அந்த ஊசியைக் காணும் மாணவர் சிசுவின் மேற்பட்டையை நினைவிற் கொள்வது நன்று.

இனி, பிரிந்திருந்த இரண்டும் ஏன் ஒன்றாயின? சுறாவுக்குப் பிரிந்தே வாழ முடிகின்றது. மனிதனுக்கு ஏன் முடியாது? 1965 இல் அமெரிக்காவில் வேட்மனும் அக்சல்ரொட்டும் காட்டிய செய்தி இதற்கு ஒரு பகுதி விடையளிக்கின்றது. மையவிழையத்தில் நோரதிரீனலினை அதிரீனலினாக மாற்றும் நொதியம், மேற்பட்டையிலிருந்து செறிவாகக் கிடைக்கும் ஓமோனின் தூண்டுதலால் வளர்கின்றது. அவ்வாறாயின் அயலிருப்பே பயனைத் தந்திருக்கின்றது. முள்ளந்தண்டுளிகளின் கூர்ப்பில், தவளையிலும் பறவையிலும் இரண்டும் கலந்து கிடப்பதும், முலையூட்டியில் ஒன்று மற்றதை முழுதும் சூழ்வதும் இந்நோக்கிற் பொருள் பெறுகின்றன. ஆயினும் இதுவே முழு விடை என்று கூற யான் துணியேன்.

முளையவியல் வெறும் கல்வி விருப்பம் அன்று என்பதற்கு ஒரு நோய் சான்று. மேற்பட்டையில் இருபத்தொன்று ஐதரொட்சிலேசு என்னும் நொதியம் பிறவியிலேயே குறைவுற்றாற் கோட்டிசோல் உருவாகாது; கபச்சுரப்பி ஓயாது ஏவும்; சுரப்பி பருக்கும்; ஆண்மை ஓமோன் மிகும். பெண் சிசுவின் புறவுறுப்பு ஆணுறுப்புப் போல வளரும். உடலில் உப்புத் தங்காது. பிறந்து இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாந்தியும் நீரிழப்பும் தோன்றி, ஏதோ வயிற்றுக் கோளாறு என்று எண்ணப்படும் நிலையிலேயே குழந்தை இறந்துவிடும். நேப்பிள்சு நகரில் 1865 இல் தே கிரெக்கியோ என்னும் மருத்துவர், ஆணாக வாழ்ந்து இறந்த ஒருவரின் உடலை அறுத்து, உள்ளே கருப்பையும் சூலகங்களும் மிகப் பருத்த மேற்சுரப்பிகளும் இருப்பதைக் கண்டார். ஒன்பது ஆண்டுகளின் பின் பல்பர் சுறாவை அறுத்ததும் அதே நகரில்தான். ஆனால் 1950 வரை அந்நோய்க்கு மருந்தில்லை. அவ்வாண்டில் வில்கின்சு கோட்டிசோனைக் கொடுத்துப் பயன் கண்டார். இன்று குதிக்காலிற் குத்தி எடுத்த ஒரு துளிக் குருதியாற் சில நாட்களுள் இதனை அறியலாம். அப்பரிசோதனை எல்லாப் பேற்று விடுதிகளிலும் நடைபெறுதல் வேண்டும். தூரத்துக் கரையோர ஊர்களிற் பிறக்கும் குழந்தைக்கு அது கிட்டுவதே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட செய்தி.

பெயரைப் பற்றி ஒரு சொல். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, 1872 இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெருநூலை வெளிவரச் செய்தார். பல்பரின் நூலுக்கு ஆறாண்டு முந்தியது அது. உடற்கூறு தமிழிலே கற்பிக்கப்பட்டது. முளையவியலின் இந்தப் புரட்சி பின்னர் நிகழ்ந்தபோது தமிழ்வழி மருத்துவக் கல்வி தளர்ந்து போயிருந்தது. அதனாற்போலும் நாம் இன்னும் இருக்குமிடத்தைக் கொண்டே இச்சுரப்பியைப் பெயரிடுகின்றோம். மேற்சுரப்பி என்பது நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கே பொருந்தும். நாற்கால் விலங்கில் அது சிறுநீரகத்துக்கு மேலன்று, முன்னாக இருக்கின்றது. மேலும் அது சிறுநீரகத்தின் பிள்ளையும் அன்று. சிறுநீரகம் இடுப்பெலும்புப் பகுதியிற் பிறந்து, ஆறாம் வாரம் முதல் மேலேறி வந்து இதனைச் சந்திக்கின்றது. ஒரு பக்கச் சிறுநீரகம் உருவாகாமலே போனாலும் சுரப்பி பெரும்பாலும் தன்னிடத்திற் பிறந்துவிடும். தொப்பி வடிவத்தை இழந்து தட்டையாகக் கிடக்கும், அவ்வளவே. அதிரீனல் என்ற கடன்சொல்லும் இதே குறையை உடையது. ஆயினும் வழங்கும் சொல்லை மாற்றுவது எளிதன்று. மாற்றி ஆகப்போவதும் அதிகமில்லை. மாணவருக்குப் பெயரின் பிழையைச் சொல்லிக் கற்பித்தாற் போதும்.

மித்சுகுரியின் கூற்றும் இன்று திருத்தம் பெற்றுள்ளது. மையவிழையக் கலங்கள் பரிவு நரம்புத் திரட்டுக்களின் உடன்பிறப்புகளாக நேரே நடந்துவருகின்றன என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, சுண்டெலி முளையத்தில் அக்கலங்களுட் பெரும்பாலானவை நரம்பிழைகளைப் போர்த்திச் செல்லும் உறைக்கலங்களின் முன்னோடிகளாக, நரம்பைப் பற்றிக்கொண்டே சுரப்பியை அடைகின்றன என்று காட்டியது. மூலம் நரம்பு முகடே. வந்த வழி மட்டும் வேறு. குழந்தைகளில் இவ்விடத்தில் எழும் நரம்புமூலப் புற்றுநோய் எந்தக் கலத்திலிருந்து தொடங்குகின்றது என்ற ஆய்வு இப்போது இவ்வழியைப் பின்பற்றிச் செல்கின்றது. பேசாலைக் கரையிற் பாற்சுறா ஒன்றைப் பிளந்தால், சில வேளை உள்ளே குட்டிகள் மனிதக் குழந்தைபோலக் கொடியால் தாயோடு பிணைந்து கிடக்கும். விரல் நீளமே உள்ள அக்குட்டியின் முதுகுப்புறத்திலும் மணிவரிசையும் மஞ்சட் கோலும் தனித்தனியே உருவாகிக்கொண்டிருக்கும்.